மூன்றாவது வாசகன்: போர்க்களக் கடிதங்களும் இராணுவத் தணிக்கையும்

போர் இலக்கியம் பற்றி எழுதும் விமர்சகர்கள் கவிதை, நாவல், நினைவுக்குறிப்பு ஆகியவற்றையே பெரும்பாலும் தமது ஆய்வுப் பொருளாகக் கொள்வர். களத்திலிருந்து வீட்டுக்கு எழுதப்பட்ட கடிதம் அவர்களுக்கு இலக்கியமன்று, சான்றாதாரம் மாத்திரமே. இன்ன கவிஞன் இன்ன மாதத்தில் இன்ன பதுங்குகுழியில் இருந்தான் என்பதை உறுதிப்படுத்துவதற்காக அது அடிக்குறிப்பிலே தலைகாட்டும். ஆயினும், முதலாம் உலகப் போரிலும் அதற்குப் பின்னரும் களம் புகுந்த இலட்சக்கணக்கான விவசாயிகளும் தொழிலாளரும் தம் வாழ்நாளிலே எழுதியதோ எழுதுவித்ததோ இக்கடிதங்களைத் தவிரப் பெரும்பாலும் வேறில்லை. இதனை மனங்கொள்ளும்போது, இப்புறக்கணிப்பு விமர்சனத்தின் வர்க்கச் சார்பையே காட்டுகின்றது எனலாம்.

கடிதத்தைப் பொருட்படுத்துவோரிடையேயும் இருவகைப்பட்ட நோக்குகள் உள்ளன. ஒரு சாரார் அதனை உள்ளத்திலிருந்து நேரே ஊற்றெடுத்த உண்மைக் குரலாகக் கொண்டு உருகுவர். மற்றச் சாரார், தணிக்கைக்கு உட்பட்ட எழுத்து எவ்வாறு உண்மை பேசும் எனக் கேட்டு அதனை ஒதுக்கிவிடுவர். அமெரிக்க விமர்சகரான போல் பஸல் 1975இல் வெளியிட்ட ‘த கிரேட் வார் அன்ட் மொடர்ன் மெமரி’ என்னும் நூல் இரண்டாவது நோக்குக்கு வலுவூட்டியது. பிரித்தானியச் சிப்பாய்களின் கடிதங்கள் ஒரே அச்சில் வார்த்தனபோல அமைந்திருத்தலையும், அவற்றின் உணர்ச்சியற்ற மேம்போக்கான தொனியையும் அவர் கூர்மையாகவே எடுத்துக்காட்டினார். அவரது அவதானிப்புச் சரியானதே. ஆனால் அவருடைய பார்வை ஆங்கிலம் எழுதியவர்களோடு நின்றுவிட்டது. அதே பிரான்சிலே, அதே சேற்றிலே நின்று, உருதுவிலும் குர்முகியிலும் எழுதியவர்கள் அவருடைய கணக்கில் இடம்பெறவில்லை.

எழுதுபவனுக்கும் பெறுபவருக்கும் இடையே மூன்றாவது வாசகன் ஒருவன் அமர்ந்திருக்கின்றான். அவன் வெட்டுபவன் மட்டுமல்லன். எழுதும்போதே எழுதுபவனின் மனத்திலே வந்து உட்கார்ந்து, எது சொல்லத்தக்கது, எதனை வேறொன்றாகச் சொல்லவேண்டும் என்பவற்றைத் தீர்மானிப்பவனும் அவனே. அவனை அங்கே அமர்த்திய இராணுவம் உண்மையிலே எதற்கு அஞ்சியது என்பதை அறியாமல் இக்கடிதங்களை வாசித்தல் இயலாது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

இராணுவம் எக்காலத்திலும் முன்வைக்கும் காரணம் இரகசியம் காத்தலாகும். இக்காரணத்தைப் பொய்யென ஒதுக்கிவிட முடியாது. தனியொரு சிப்பாயின் கடிதத்திலே பெரிய இரகசியம் எதுவும் இராது. தான் தங்கியுள்ள ஊரின் பெயர், புதிதாக வந்து சேர்ந்த பீரங்கிகள், திடீரென இரத்தாகிய விடுமுறை ஆகியவற்றை அவன் இயல்பாகவே எழுதுவான். ஆனால் நூறு கடிதங்களிலிருந்து எடுத்த நூறு துணுக்குகளை ஒருவன் மேசையிலே பரப்பிப் பொருத்துவானாயின், எந்தப் படைப்பிரிவு எங்கிருந்து எங்கே நகர்கின்றது, தாக்குதல் எப்போது நிகழக்கூடும் என்பன புலனாகிவிடும். முன்னரங்கிலே நாட்குறிப்பு வைத்திருப்பதைப் பிரித்தானியப் படை தடைசெய்தமைக்கும் இதுவே காரணம். இறந்தவனின் சட்டைப்பையும் எதிரிக்கு ஒரு நூலகமே. தாக்குதலுக்கு முன்னர் அஞ்சலை வேண்டுமென்றே சில நாட்கள் நிறுத்திவைக்கும் வழக்கம் பிரெஞ்சுப் படையிலே இருந்தது. நான்கு நாள் பழையதாகிய இரகசியம் இரகசியமன்று என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

கைத்தொலைபேசியின் காலத்தில் இவ்வச்சம் குறையவில்லை; பெருகியே உள்ளது. உடற்பயிற்சி செய்வோரின் ஓட்டப் பாதைகளைத் திரட்டி ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரிலே வெளியிட்ட உலகப் படத்தில், பாலைநிலங்களின் நடுவே இராணுவ முகாம்களின் எல்லைகள் ஒளிக்கோடுகளாகத் தெரிந்தமை 2018 ஜனவரியில் வெளிப்பட்டது. எவரும் எதையும் எழுதவில்லை. ஓடிய கால்களே காட்டிக்கொடுத்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் நடவடிக்கைப் பிரதேசங்களில் இடங்காட்டும் வசதிகளைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. ரஷ்யா 2019இல் தன் படையினர் கடமையின்போது இணைய வசதியுள்ள தொலைபேசிகளை வைத்திருப்பதைச் சட்டத்தினாலேயே தடுத்தது.

ஆனால் அச்சட்டத்தின் பிற்கதையே நமக்கு முக்கியமானது. 2023 ஜனவரி முதலாந் திகதி, புத்தாண்டு பிறந்த சில நிமிடங்களில், உக்ரேனின் ரஷ்யக் கட்டுப்பாட்டுப் பகுதியிலுள்ள மக்கீவ்காவில் புதிதாகத் திரட்டப்பட்ட படையினர் தங்கியிருந்த தொழிற்கல்விக் கட்டடமொன்று ஏவுகணைகளால் தகர்க்கப்பட்டது. தன் தரப்பில் 89 பேர் இறந்ததாக ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சு ஒப்புக்கொண்டது. தடையை மீறிப் படையினர் பெருமளவில் தொலைபேசிகளைப் பயன்படுத்தியமையே பிரதான காரணம் என அது அறிவித்தது. நூற்றுக்கணக்கானோரை ஒரே கட்டடத்தில் அடைத்துவைத்தவர் யார், வெடிபொருட்களை அவர்களுக்கு அருகிலே வைத்தவர் யார் என ரஷ்யாவின் போர் ஆதரவாளர்களே கேட்டனர். புத்தாண்டு இரவில் வீட்டாரின் குரலைக் கேட்க விரும்பியவன் குற்றவாளியாயினான், கட்டளையிட்டவன் தப்பிக்கொண்டான். இரகசியம் என்னும் காரணம் உண்மையானதாக இருக்கும்போதே அது வேறொன்றை மறைக்கும் திரையாகவும் பயன்படக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அத்திரைக்குப் பின்னால் இருப்பது யாது? இதனை அறிய 1914ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும்.

பிரித்தானியப் படை தன் சிப்பாய்களுக்கு வழங்கிய கள அஞ்சலட்டை ஒன்று உண்டு. ஏ 2042 என்னும் இலக்கமிட்ட இராணுவப் படிவம் அது. அதிலே வாக்கியங்கள் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கும். நான் நலமாக இருக்கின்றேன், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளேன், நோயுற்றுள்ளேன் அல்லது காயமுற்றுள்ளேன், தேறிவருகின்றேன், தளத்துக்கு அனுப்பப்படுகின்றேன், உமது கடிதம், தந்தி, பொதி கிடைத்தது, நெடுநாளாக உம்மிடமிருந்து கடிதம் வரவில்லை. இவ்வாறான வாக்கியங்களுள் வேண்டாதவற்றை வெட்டிவிட்டுக் கையொப்பமும் திகதியும் இடவேண்டும். வேறு ஒரு சொல்லைச் சேர்த்தாலும் அட்டை அழிக்கப்படும் என்ற எச்சரிக்கை அதன் தலைப்பிலேயே காணப்பட்டது.

இரகசியம் காப்பது மட்டுமே நோக்கமாயின் இடப்பெயர்களையும் எண்களையும் தடைசெய்தலே போதுமானது. இவ்வட்டை அதற்கு அப்பாலும் செல்கின்றது. இதனை ஓர் இலக்கியப் பனுவலைப் போல வாசித்துப் பார்ப்போம். இங்கே நலமின்மை என்பது தனித்து நிற்க அனுமதிக்கப்படவில்லை. காயம் வந்தவுடனேயே தேறுதலும் வந்துவிடுகின்றது. பயம், பசி, குளிர், சலிப்பு ஆகியவற்றுக்கு வாக்கியமில்லை. அன்பைத் தெரிவிக்கவும் வாக்கியமில்லை. மனக்குறை என்று சொல்லத்தக்க ஒரேயொரு வாக்கியம் உண்டு. அதுவும் இராணுவத்தின் மீதான குறையன்று. கடிதம் எழுதாத வீட்டார் மீதான குறை! எழுதுபவன் இவ்வட்டையில் ஆக்கியோனல்லன், அழிப்போன். அரசு எழுதிய பனுவலிலே தனக்குரியதல்லாததை வெட்டுவதே அவனுக்கு விடப்பட்ட படைப்புச் செயல். எனினும் இதன் நன்மையையும் மறுத்தல் தகாது. பெரும் தாக்குதலொன்று முடிந்த மாலையில், எழுத நேரமும் மனமும் இல்லாத ஒருவன், தான் உயிரோடிருப்பதை விரைவிலே தெரிவிக்க இதைவிடச் சிறந்த வழி இருக்கவில்லை. அதனைப் பெற்ற தாய்மார் அதன் இலக்கியக் குறைபாட்டையிட்டு வருந்தியிருக்க மாட்டார்கள்.

வெட்டுவதையே மொழியாக மாற்றியவன் கவிஞன் வில்பிரட் ஓவன். தளத்துக்கு அனுப்பப்படுகின்றேன் என்ற வாக்கியத்தை ஒரு கோட்டினால் அல்லாது இரு கோடுகளால் வெட்டினால் தான் முன்னரங்குக்குச் சென்றுவிட்டதாகப் பொருள் கொள்ளவேண்டும் எனத் தன் தாயுடன் முன்கூட்டியே பேசிவைத்திருந்தான். மூன்றாவது வாசகனின் கண்ணெதிரிலேயே, அவன் வகுத்த விதியின்படியே, அவனுக்குத் தெரியாத செய்தியொன்று கடந்து சென்றது.

ஓவனின் நிலையிலே வேறொரு முரண்பாடும் உண்டு. சாதாரணச் சிப்பாயின் கடிதத்தை அவனுடைய அணியின் அதிகாரியே வாசித்துத் தணிக்கை செய்யவேண்டும். அதிகாரியின் கடிதமோ அவனது கண்ணியத்தின் பொறுப்பிலே விடப்பட்டது. அவன் தன்னைத் தானே தணிக்கை செய்துகொள்வான் என நம்பப்பட்டது. 1915இல் சிப்பாய்களுக்கும் பச்சை உறை என்னும் சலுகை கிடைத்தது. உள்ளே சொந்தக் குடும்ப விடயங்களே உள்ளன என்று சத்தியம் செய்து கையொப்பமிட்டால் அக்கடிதத்தைத் தன் அதிகாரி பிரிக்கமாட்டார். எனினும் தளத்திலே எவரும் பிரித்துப் பார்க்கலாம். இவ்வுறையும் அளவாகவே வழங்கப்பட்டது. கண்ணியம் என்பது ஒரு வர்க்கத்தாருக்குப் பிறப்புரிமையாகவும் மற்ற வர்க்கத்தாருக்குப் பங்கீட்டுப் பொருளாகவும் இருந்தது எனில் மிகையாகாது. மனைவிக்கு எழுதிய அந்தரங்கச் சொற்களை, நாளைக் காலையில் தனக்குக் கட்டளையிடப்போகும் இருபது வயது இளைஞன் வாசிப்பான் என்று தெரிந்தபின் எழுதும் கைக்கு என்ன நேரும்? பஸல் கண்ட உணர்ச்சியற்ற தொனிக்குக் காரணம் ஆங்கிலேயரின் தேசிய குணம் மட்டுமன்று, இக்கூச்சமும் ஆகும்.

ஓவன் அத்தகைய அதிகாரிகளுள் ஒருவன். தன் ஆட்களின் கடிதங்களை வாசிக்கும் கடமை அவனுக்கிருந்தது. ‘த லெட்டர்’ என்னும் அவனது கவிதையிலே ஒரு சாதாரணச் சிப்பாய் மனைவிக்குக் கடிதம் எழுதுகின்றான். ஆபத்தொன்றுமில்லை என ஆறுதல் கூறும் கடித வாசகங்களுக்கு இடையிடையே, பக்கத்திலிருக்கும் தோழர்களோடு அவன் பேசும் கரடுமுரடான பேச்சு ஊடறுக்கின்றது. எழுதி முடிப்பதற்குள் அடிபட்டு வீழ்கின்றான். தன் மனைவிக்கு எழுதும்படி தோழனைக் கேட்கின்றான். கடிதத்தில் எழுதப்பட்டதையும் எழுதப்படாததையும் ஒருசேரக் கேட்டவன் தணிக்கையாளன் ஒருவனே. இக்கவிதையின் உருவத்தைத் தந்தது அந்தக் காதே என நான் கருதுகின்றேன். ஓவனின் புகழ்பெற்ற கவிதைகளோடு ஒப்பிடுகையில் இதனை விமர்சகர் அவ்வளவாகப் பாராட்டுவதில்லை, பாராட்டியிருக்க வேண்டும்.

ஓவன் 1918 நவம்பர் 4ஆந் திகதி கொல்லப்பட்டான். அச்செய்தி தாங்கிய தந்தி நவம்பர் 11ஆந் திகதி, போர் ஓய்ந்ததை அறிவித்து மணிகள் ஒலித்த அன்று, பெற்றோரை அடைந்தது. அவனுடைய கடிதங்கள் 1967இலே நூலாயின. அவற்றுட் பெரும்பாலானவை தாய்க்கு எழுதப்பட்டவை. அவற்றிலும் சில பகுதிகளை அவனுடைய தம்பி ஹரல்ட் ஓவன் அழித்துவிட்டார். இராணுவம் விட்டுவைத்ததைக் குடும்பம் வெட்டியது. மூன்றாவது வாசகன் எப்போதும் சீருடை அணிந்திருப்பதில்லை.

இனி, பஸல் காணாதவர்களிடம் வருவோம். 1914 செப்டெம்பர் இறுதியிலே இந்தியப் படையினர் மார்செய் துறைமுகத்தில் இறங்கினர். அவர்களுட் பெரும்பாலோர் பஞ்சாபையும் வடமேற்கு எல்லைப்புறத்தையும் கர்வால், நேபாள மலைநாடுகளையும் சேர்ந்த விவசாயிகள். இந்தியத் தேசியவாதிகளின் வெளியீடுகள் இவர்களுடைய கைகளை எட்டிவிடும் என்ற அச்சத்தின் காரணமாகத் தனியான தணிக்கைப் பணிமனை ஒன்று பூலோன் நகரில் நிறுவப்பட்டது. இந்திய சிவில் சேவையைச் சேர்ந்த ஈ. பி. ஹொவெல் அதற்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டார். 1915 மார்ச் அளவில் பிரான்சிலிருந்த இந்தியர் வாரமொன்றுக்குப் 10,000 முதல் 20,000 வரையான கடிதங்களை எழுதிக்கொண்டிருந்தனர். அனைத்தையும் வாசித்தல் இயலாத காரியம். தேர்ந்தெடுத்தவற்றிலிருந்து பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அவற்றோடு தமது குறிப்புரையையும் சேர்த்து, ஹொவெல் தம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்.

இக்கடிதங்களின் ஆக்கமுறை கவனிக்கத்தக்கது. எழுத்தறிவற்ற சிப்பாய் சொல்ல, எழுத்தறிந்த தோழனோ படையணி எழுத்தரோ எழுதினான். படையணியின் அதிகாரி பார்த்தார். பின்னர் பூலோனிலே பார்த்தனர். ஊரிலும் பெறுபவருக்கு வாசிக்கத் தெரியாது. வேறொருவர் உரத்து வாசிக்க, கூடியிருந்தோர் கேட்டனர். ஆகவே, தனியொருவன் தன் அந்தரங்கத்தை இன்னொருவருக்கு வெளியிடும் ஐரோப்பியக் கடித மரபை அளவுகோலாகக் கொண்டு இவற்றை நோக்குதல் பொருந்தாது. பல வாய்களையும் பல காதுகளையும் கடந்து செல்லும் வாய்மொழி இலக்கியத்துக்கே இவை நெருக்கமானவை. வாய்மொழி மரபிலே வந்தவனுக்கு நேரே சொல்லாமற் சொல்லும் கலை புதிதன்று. தணிக்கையாளனின் வருகை அக்கலைக்கு ஒரு புதிய தேவையைக் கொடுத்தது, அவ்வளவே.

மிளகின் உருவகம் இதற்குப் பெயர்பெற்ற உதாரணம். கருமிளகு தீர்ந்துகொண்டு வருகின்றது, இப்போது செம்மிளகைப் பயன்படுத்துகின்றனர் என்று ஊருக்கு எழுதினால், கறுத்த மனிதர் மடிந்து தீர்கின்றனர், வெள்ளையர் கொண்டுவரப்படுகின்றனர் என்பது பொருள். காயமுற்றுப் பிரைற்றன் முதலிய இடங்களின் மருத்துவமனைகளிலே கிடந்தவர்கள் தம் உறவினரைப் படையிற் சேரவேண்டாம் என்று தடுக்க இத்தகைய வழிகளைக் கையாண்டனர். போரின் பேரளவை விளக்கச் சொல் கிடைக்காதபோது மகாபாரதத்தையும் இராமாயணத்தையும் கர்பலாவையும் துணைக்கழைத்தனர். இது போரன்று, உலகத்தின் முடிவு என்ற பொருள்பட எழுதியவன் அணிநலம் கருதி எழுதவில்லை; இயந்திரத் துப்பாக்கிக்குத் தன் மொழியிலே பழமை கிடையாது என்பதனால், தான் அறிந்த பேரழிவின் பெயரைச் சொன்னான். ஓவன் தலைமுறையினர் தாம் கற்ற ஆங்கிலக் கவிமரபு இப்போருக்குப் போதாது எனக் கண்டு தவித்த அதே மாதங்களில், பஞ்சாப் விவசாயி தன் இதிகாசத்தைப் பதுங்குகுழிக்குள் இறக்கிவிட்டான்.

ஹொவெல் சாமானிய வாசகரல்லர். 1915ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஒரு மாற்றத்தை அவதானித்தார். கடிதங்களிலே கவிதை வரத் தொடங்கியிருந்தது. இதனை அவர் மனக்கலக்கத்தின் தீய அறிகுறியாகக் கொள்ளவேண்டும் எனத் தம் அறிக்கையில் எச்சரித்தார். விமர்சன வரலாற்றிலே கவிதைக்கு இதைவிட உயர்ந்த மதிப்பீட்டை வழங்கிய அதிகாரியைக் காண்பது அரிது! உரைநடையைத் தணிக்கை செய்யலாம்; கவிதை பிறக்கும் இடத்திலே கட்டளைக்கு அடங்காத ஏதோவொன்று உயிர்ப்புடன் இருக்கின்றது என்பதை அவர் அழகியல் நூல்களின் துணையின்றியே உணர்ந்திருந்தார்.

எனில், ஏன் இக்கடிதங்களை முற்றாக நிறுத்திவிடவில்லை? இங்கேதான் இராணுவத்தின் உண்மையான அச்சம் வெளிப்படுகின்றது. ஹொவெலின் பணிமனை தடுத்துவைத்த கடிதங்கள் ஒப்பீட்டளவில் மிகச் சிலவே. கடிதம் நின்றுவிட்டால் சிப்பாயின் மனநிலையை அறியும் வழியும் அடைபட்டுவிடும். பிரெஞ்சுப் படையின் அஞ்சற் கட்டுப்பாட்டுக் குழுக்களும் 1917ஆம் ஆண்டுக் கலகங்களின்போது படையினரின் உளநிலையை அளக்கும் கருவியாகக் கடிதங்களையே நம்பின. அதே வேளையில், வீட்டாருக்கு எல்லாம் தெரிந்துவிடவும் கூடாது. அன்றைய இந்தியப் படை, ஆட்சேர்ப்பிலே எத்தனை நெருக்குதல் இருந்தபோதிலும், சட்டப்படி தாமாக முன்வந்து சேர்வோரைக் கொண்ட படை. மருத்துவமனையிலிருந்து செல்லும் ஒரு மிளகுக் கடிதம் ஊர்ச் சந்தியிலே வாசிக்கப்படுமாயின், அடுத்த மாதம் ஆட்சேர்ப்பு அதிகாரி வெறுங்கையுடன் திரும்புவார். ஜெர்மனியர் அக்கடிதத்தைப் படித்தால் என்ன நட்டம்? இந்தியர் பெருந்தொகையாக இறப்பதை ஜெர்மனியர் அறியாதவரல்லர், கொன்றவர்களே அவர்கள்தாம். மறைக்கப்படவேண்டியது எதிரியிடமிருந்து அன்று, தாயிடமிருந்தே.

நமது அக மரபிலும் பாசறைக்கும் மனைக்கும் இடையே மூன்றாமவர் உளர். தோழியும் பாகனும் பிறரும் செய்தியைச் சுமந்து செல்வர். சிலவேளை மறைத்தும் திரித்தும் சொல்வர். ஆயினும் அவர்கள் காதலர் இருவரின் நலத்துக்காகவே இயங்குபவர்கள். முல்லைப்பாட்டிலே அரசியின் ஆறுதலுக்காகப் பெருமுது பெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று விரிச்சி கேட்கின்றனர். ஆயர்மகள் கன்றுக்குக் கூறிய சொல்லே அவர்களுக்குச் செய்தியாகின்றது. செய்தி வராத இடத்திலே சகுனம் வருகின்றது. நவீன அரசின் மூன்றாமவன் இவ்விருவருள் எவருக்கும் உரியவனல்லன் என்பதே வேறுபாடு.

அவன் எவ்வளவு தூரம் செல்லக்கூடியவன் என்பதற்குச் சோவியத் படை சான்று. அங்கே கடதாசி உறை அரிதாக இருந்தமையால் சிப்பாய்கள் தாளை முக்கோணமாக மடித்து அனுப்பினர், தபாற் கட்டணமில்லை, ஒட்டவும் வேண்டியதில்லை. பிரித்துப் பார்க்க வசதியான வடிவம். இராணுவத் தணிக்கை பார்வையிட்டது என்ற முத்திரை அதன்மேல் விழுந்தது. பீரங்கிப்படைக் கப்டனாக இருந்த அலெக்சாந்தர் சொல்செனிற்சின் களமுனையிலே இருந்த நண்பருக்கு எழுதிய கடிதங்களில் ஸ்டாலினைப் பெயர் சொல்லாமலே குறைகூறினார். 1945 பெப்ரவரியில் கிழக்குப் பிரஷ்யாவிலே கைதுசெய்யப்பட்டு எட்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். நண்பரும் தப்பவில்லை. அக்கடிதங்களில் படை நகர்வு பற்றிய இரகசியம் எதுவும் கசியவில்லை. வெற்றி கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. தணிக்கையாளன் தேடியது துப்பன்று, எண்ணமே.

தணிக்கையை நீக்கிவிட்டால் உண்மை வந்துவிடுமா? வியற்நாமிலே அமெரிக்கப் படை சிப்பாய்களின் அஞ்சலைத் தணிக்கை செய்யவில்லை. அங்கிருந்து வந்த கடிதங்களின் தொகுதியொன்று 1985இல் ‘டியர் அமெரிக்கா’ என்னும் பெயரில் வெளிவந்தது. நண்பனுக்கு எழுதுவதைத் தாய்க்கு எழுதாதவர் அங்கும் உளர். தாயின் உறக்கத்தைக் கெடுக்க விரும்பாத மகன் தானே தணிக்கையாளனாகின்றான். தன் மொழியை இராணுவம் சிப்பாயின் வாயில் திணித்தது என்று மட்டும் கூறுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். அவன் வாயில் ஏற்கெனவே இருந்த அன்பையே இராணுவம் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொண்டது.

மரணச் செய்தியைப் பொறுத்தவரையில் இராணுவத்தின் கட்டுப்பாட்டிலே ஒரு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்க முகாமொன்றிலே ஒருவர் இறந்தவுடன் இணையமும் தொலைபேசியும் துண்டிக்கப்படும். இறந்தவரின் குடும்பத்தாருக்கு முறைப்படி அறிவிக்கப்பட்ட பின்னரே இணைப்பு மீளும். ‘ரிவர் சிற்றி’ என்பது இதற்கு வழங்கிய குழூஉக்குறி. மகன் இறந்ததை அயலாரின் வம்புப் பேச்சிலிருந்து ஒரு தாய் அறியக்கூடாது என்பது மனிதாபிமானமான ஏற்பாடே. ஆனால் வீட்டார் விரைவிலேயே அம்மௌனத்தையும் வாசிக்கக் கற்றுக்கொண்டனர். வழக்கமான நேரத்தில் அழைப்பு வராவிடின் யாரோ ஒருவர் இறந்துவிட்டார் என்று அறிந்து, தம் வாசலிலே சீருடையணிந்தோர் வந்து நிற்கிறார்களா எனக் காத்திருந்தனர். இருகோட்டு வெட்டைப் போல, மௌனமும் ஒரு வாக்கியமாயிற்று.

போக்லண்ட் போரிலே 1982 ஜூன் 12ஆந் திகதி கொல்லப்பட்ட கடற்படை லெப்ரினன்ட் டேவிட் ரிங்கரின் கடிதங்களைத் தந்தையார் ஹியூ ரிங்கர் அதே ஆண்டில் நூலாக்கினார். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றைப் படித்த எமது மாணவர்க்கு, இந்தியக் கூலித்தொழிலாளரின் கடல்கடந்த குடிபெயர்வு பற்றி 1974இல் வெளிவந்த நூலின் ஆசிரியராக அவர் அறிமுகமானவர். பிறரின் ஆவணங்களைத் தேடி வாசித்த வரலாற்றாசிரியர் தம் மகனின் ஆவணத்தைப் பதிப்பிக்க நேர்ந்தது. நாட்கள் செல்லச் செல்லப் போரின் நியாயத்தைப் பற்றிய ஐயம் மகனின் எழுத்திலே வளர்வதை அந்நூலில் படிப்படியாகக் காணலாம். அத்தகைய கடிதம் எவருடைய கப்பலை மூழ்கடிக்கும்? ஒன்றையும் மூழ்கடிக்காது. ஆயினும் போரை நடத்திய அரசுக்கு அது உவப்பான வாசிப்பன்று.

இவ்விடத்தில் ஆவணங்களின் விதி பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பிரான்சிலிருந்து சென்ற இந்தியக் கடிதங்களின் மூலங்கள் ஊர்களுக்குச் சென்று பெரும்பாலும் அழிந்தொழிந்தன. பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவேடுகளில் எஞ்சியிருப்பன ஹொவெலின் பணிமனை செய்த ஆங்கில மொழிபெயர்ப்புப் பகுதிகளே. டேவிட் ஓமிசி 1999இல் தொகுத்து வெளியிட்டவையும் அவைதாம். அடக்குவதற்காக வாசித்தவனே பாதுகாத்தவனும் ஆனான். அன்பாகப் பெற்றவர்கள் இழந்ததை, ஐயத்தோடு பிரித்தவன் வைத்திருந்தான். அவன் எதைப் பிரதிசெய்யத் தக்கதாகக் கருதினானோ அதுவே நமக்குக் கிடைத்த இந்தியச் சிப்பாயின் குரல். கருமிளகு நமக்குத் தெரியும். யாரும் சந்தேகிக்காத, ஆகவே யாரும் பிரதிசெய்யாத உருவகங்கள் தாம் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

இன்று அவ்விடத்திலே எதிரி அமர்ந்திருக்கின்றான். உக்ரேனியப் பெண் இயக்குநர் ஒக்சானா கார்ப்போவிச் எடுத்து 2024இல் பெர்லின் திரைப்பட விழாவிலே காட்டப்பட்ட ‘இன்ரர்செப்டட்’ என்னும் ஆவணப்படத்துக்கு ஆதாரம், ரஷ்யச் சிப்பாய்கள் தம் வீட்டாரோடு பேசியபோது உக்ரேனியப் புலனாய்வுத் துறையினர் ஒட்டுக்கேட்டுப் பதிவுசெய்த தொலைபேசி உரையாடல்கள். இராணுவங்கள் நூறாண்டுகளாகக் கூறிவந்த அச்சம் மெய்யானது என்பதற்கு இப்படமே சாட்சி: எதிரி கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவன் கேட்டவற்றிலே படைநகர்வைவிட வேறு பல இருந்தன. ஏமாற்றப்பட்டோம் என்ற முணுமுணுப்பு இருந்தது. களவெடுத்த பொருட்களைப் பற்றிய பேச்சு இருந்தது. கொடுமைகளைச் சொல்லும் மகனைத் தடுக்காது மேலும் தூண்டிவிடும் தாயின் குரலும் இருந்தது. வீட்டைக் களங்கமற்ற இடமாகவும் தாயை உண்மையினின்றும் காக்கப்படவேண்டியவளாகவும் கற்பனைசெய்து நாம் இதுவரை எழுதிவந்த போர்க்கடித விமர்சனம் இக்குரலுக்கு இன்னும் விடை கூறவில்லை. படத்தின் திரையிலே அந்தச் சிப்பாய்களின் முகங்கள் இல்லை. குரல்கள் ஒலிக்கும் நேரத்தில் நாம் காண்பன உக்ரேனியரின் உடைந்த வீடுகள், அவர்கள் விட்டுச்சென்ற சமையலறைகள்.